கொடி காத்த குமரன்

திருப்போரூர்ப் பிள்ளைகளுக்குக் கொடி என்னும் சொல் புதிதன்று. மாசிப் பெருவிழாத் தொடக்கத்தில் கந்தசாமி கோயில் கொடிமரத்தில் கொடி ஏறுவதைத் தாயின் இடுப்பில் அமர்ந்தபடியே கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கந்தவேள் சேவலைக் கொடியில் உயர்த்தியவன் என்பதையும், பரங்குன்றில் மண்ணிலும் செந்தூரில் கடலிலும் போர் புரிந்த பெருமான் இவ்வூரில் விண்ணில் நின்று போர் செய்தான் என்பதையும் பாட்டிமார் வாயிலாகவே அறிந்தவர்கள். ஆண்டுக்கு இருமுறை, ஆகஸ்ட் 15 ஆம் நாளும் ஜனவரி 26 ஆம் நாளும், அவர்கள் வேறொரு கொடியின் முன் நிற்கின்றனர். அக்கொடிக்குத் தேங்காய் உடைப்பதில்லை, கற்பூரம் காட்டுவதில்லை. எனினும் அதன்முன் அசையாது நிற்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்கிறார். ஒரு துணிக்காக ஏன் இத்தனை ஒழுங்கு என்னும் வினா எந்தப் பிள்ளையின் உள்ளத்திலும் எழுவதே. அவ்வினாவுக்கு விடையாக ஒரு வாழ்வு தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. அவ்வாழ்வுக்குரியவனின் பெயரும் கந்தனின் பெயரே. குமாரசாமி என்று பெற்றோர் அழைத்த அவ்விளைஞனைத் தமிழகம் கொடி காத்த குமரன் என்று அழைக்கிறது.

தமிழரின் கொடி மரபு

கொடி பற்றிய உணர்வு தமிழ்நிலத்திற்குப் பிறர் கற்றுத் தந்தது அன்று. கொடிநிலை என்பதைத் தொல்காப்பியம் புறத்திணையில் வைத்து எண்ணுகிறது. வில்லும் கயலும் புலியும் மூவேந்தரின் கொடிகளில் விளங்கின. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் பலவகைக் கொடிகள் பறக்கின்றன. கோயிலுக்கு ஒரு கொடி, கள் விற்கும் மனைக்கு ஒரு கொடி, துறையில் நிற்கும் மரக்கலத்திற்கு ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் புலவருக்கும் ஒரு கொடி. கொடி என்ற சொல் படரும் செடிக்கும் பறக்கும் துணிக்கும் ஒருங்கே பெயராய் நிற்பதும் கருதத்தக்கது. இரண்டும் கொழுகொம்பை வேண்டுவன. தாங்குவார் இல்லையேல் தரையில் வீழ்வன.

ஆனால் அம்மரபுக் கொடிகளுக்கெல்லாம் உடையவர் ஒருவர் இருந்தார். வேந்தனோ வணிகனோ புலவனோ தெய்வமோ அவற்றுக்கு உரிமை பூண்டனர். குமரன் கையில் ஏந்திய கொடிக்கு அந்நாளில் அரசு இல்லை, கோட்டை இல்லை, படை இல்லை. ஆண்டுகொண்டிருந்த அரசு வேறொரு கொடியைப் பறக்கவிட்டது. அடிமை மக்கள் தம் மனத்தில் மட்டுமே கட்டியிருந்த ஒரு நாட்டின் கொடி அது. இந்த வேற்றுமையைப் பிள்ளைகளுக்கு உணர்த்தாவிடில் குமரனின் வாழ்வு வெறும் வீரக்கதையாகச் சுருங்கிவிடும்.

சென்னிமலைத் தறி

கொங்குநாட்டில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில், முருகன் கோயில் கொண்ட குன்றின் அடியில் அமைந்தது சென்னிமலை. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று மரபு போற்றும் ஊர் அது. கைத்தறிப் போர்வைகளுக்கும் பெயர்பெற்றது. அவ்வூரில் நாச்சிமுத்து முதலியார், கருப்பாயி அம்மையார் இணையருக்கு 1904 அக்டோபர் 4 ஆம் நாள் குமாரசாமி பிறந்தார். குடும்பத்தின் தொழில் நெசவு. வறுமை அக்குடும்பத்தை விட்டு அகலவில்லை. ஐந்தாம் வகுப்புக்குமேல் பள்ளியில் தொடர இயலாமல் சிறுவன் தறிக்குத் திரும்பினான்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் இளமை எத்தகையது என்பதைக் காஞ்சிபுரத்துத் தறிகளின் ஓசை கேட்டு வாழும் இப்பகுதியினருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாவு தோய்ப்பதும், அறுந்த இழையை முடிவதும், தாரில் நூல் சுற்றுவதும் பள்ளிப் பாடத்திற்கு முன்பே கைக்குப் பழகிவிடும். ஒரு முழம் துணிக்குள் எத்தனை இழை, எத்தனை நாழிகை, எத்தனை பேரின் உழைப்பு என்பதை அறிந்தவர் துணியை ஒருநாளும் இழிவாக எண்ணார். பின்னாளில் குமரன் கையை விட்டு நழுவாத அந்தக் கொடியும் ஒரு துணியே. அதன் அருமையை நூலளவில் அறிந்த கை அது.

1923 இல், தம் பத்தொன்பதாம் வயதில், குமரன் இராமாயி என்னும் பெண்ணை மணந்தார். மணமகளுக்கு வயது பதினான்கு. அக்கால வழக்கம் அது. தறியில் கிடைத்த கூலி குடும்பத்திற்குப் போதவில்லை. ஆலைத்துணி சந்தையை நிறைத்திருந்த காலத்தில் கைத்தறியாளர் பலருக்கும் நேர்ந்த துயரம் அவருக்கும் நேர்ந்தது. பிழைப்புத் தேடித் திருப்பூர் சென்ற குமரன் அங்கு ஒரு மில்லில் எடை போடும் வேலையில் அமர்ந்தார். நெய்தவர் எடையாளர் ஆனார்.

திருப்பூரும் கதரும்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர் அந்நாளில் பஞ்சு வணிகத்தால் வளர்ந்து வந்த ஊர். அதே ஊர் தமிழ்நாட்டுக் கதர் இயக்கத்தின் தலைமை இடமாகவும் விளங்கியது. 1925 இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை அங்கிருந்தே இயங்கியது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் பெண்கள் நூற்ற நூலும் நெசவாளர் நெய்த கதரும் அவ்வூரில் வந்து குவிந்தன. காந்தியடிகளும் அவ்வூருக்கு வந்து சென்றார்.

சந்தையில் தோற்ற கைத்தறியாளர் ஒருவருக்குக் கதர் இயக்கம் என்ன பொருள் தந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம். அயல்நாட்டுத் துணியை விலக்கி நாட்டுத் துணியை உடுப்பீர் என்ற அழைப்பு, செல்வர் வீட்டில் ஒரு நோன்பாக இருந்தது. நெசவாளர் வீட்டில் அது சோற்றின் செய்தியாக இருந்தது. அடிமைத்தனம் என்பது எங்கோ தில்லியிலும் இலண்டனிலும் இருக்கும் ஒன்று என்று குமரன் எண்ணியிருக்க இயலாது. அது அவருடைய தறிக்குழிக்குள்ளேயே வந்து அமர்ந்திருந்தது. காந்தியடிகளின் கொள்கைகளால் ஈர்க்கப்பட்டுக் கதர் உடுத்த குமரன், திருப்பூரில் தேசபந்து வாலிபர் சங்கத்தில் இணைந்து பணியாற்றினார். மறியல், ஊர்வலம், பரப்புரை என நாட்டுப்பணி அவருடைய நாள்களை நிறைத்தது.

கொடியின் பிறப்பு

குமரனின் கதையைச் சொல்லுமுன் அவர் ஏந்திய கொடியின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1921 இல் பெஜவாடாவில் கூடிய காங்கிரஸ் கூட்டத்தின்போது ஆந்திரத்தின் பிங்கலி வெங்கய்யா ஒரு கொடி வடிவத்தைக் காந்தியடிகளிடம் அளித்தார். சிவப்பும் பச்சையும் கொண்ட அவ்வடிவத்தோடு, ஏனைய மக்கள் அனைவரையும் குறிக்க வெண்மையும், உழைப்பைக் குறிக்க இராட்டையும் சேர்க்கப்பெற்றன. 1923 இல் நாகபுரியில் அக்கொடியை ஏந்திச் செல்லும் உரிமைக்காகவே ஓர் அறப்போர் நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் அங்குச் சென்று சிறைப்பட்டனர். கொடியைத் தூக்கிக்கொண்டு ஒரு தெருவில் நடப்பதற்கே சிறை என்பதை இன்றைய பிள்ளைகள் நம்புவது அரிது.

வண்ணங்களைச் சமயங்களுக்குரியனவாகப் பொருள்கொள்ளும் வழக்கம் பூசலுக்கு இடம் தந்தது. அதனை நீக்க, 1931 ஆகஸ்டில் காங்கிரஸ் புதிய வடிவம் ஒன்றை ஏற்றது. மேலே காவி, நடுவே வெண்மை, கீழே பச்சை, வெண்மையின் நடுவில் நீலநிற இராட்டை. வண்ணங்களுக்குச் சமயப் பொருள் இல்லை என்றும், அவை பண்புகளையே குறிக்கும் என்றும் அப்போது தெளிவாக அறிவிக்கப்பட்டது. குமரன் உயிர்நீத்த நாளில் அவ்வடிவம் ஏற்கப்பெற்று ஐந்து மாதங்களே ஆகியிருந்தன.

இங்கு ஒரு பிழையைச் சுட்டுதல் வேண்டும். குமரனைக் காட்டும் படங்கள் சிலவற்றில் அவர் கையிலுள்ள கொடியில் அசோகச் சக்கரம் வரையப்பட்டிருக்கிறது. அச்சக்கரம் 1947 ஜூலை 22 ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை தேசியக் கொடியை ஏற்றபோதே இராட்டையின் இடத்தில் அமைந்தது. குமரன் காலத்துக் கொடிக்கு உரியது நூற்கும் இராட்டை. நெசவாளர் மகன் ஒருவன் உயிர் கொடுத்துக் காத்த கொடியில் நூற்கும் கருவி இருந்தது என்பது சிறு செய்தி அன்று. ஓவியத்தில் அதனை மாற்றிவிட்டால் அவ்வாழ்வின் உட்பொருளில் பாதி மறைந்துவிடும்.

1932 ஜனவரி

இரண்டாம் வட்டமேசை மாநாடு பயனின்றி முடிந்தது. 1931 டிசம்பர் 28 இல் பம்பாய் வந்திறங்கிய காந்தியடிகள் ஒரு வாரத்திற்குள், 1932 ஜனவரி 4 இல், சிறைப்படுத்தப்பட்டார். அவசரச் சட்டங்கள் பிறந்தன. காங்கிரஸ் அமைப்புகள் சட்டத்திற்குப் புறம்பானவை ஆயின. கூட்டமும் ஊர்வலமும் குற்றங்கள் ஆயின. கொடியோடு தெருவில் நடப்பவர் எத்தகைய வரவேற்பைப் பெறுவார் என்பதை அறியாதவர் அந்நாளில் எவரும் இலர்.

அறிந்தே திருப்பூர் இளைஞர்கள் புறப்பட்டனர். ஜனவரி 10 ஆம் நாள் பி. எஸ். சுந்தரம் தலைமையில் சிறு அணி ஒன்று கொடியேந்தித் தெருவில் நடந்தது. அவ்வணியில் குமரன் இருந்தார். வயது இருபத்தேழு. கையில் கொடி, வேறு கருவி எதுவும் இல்லை. காவலர் தடிகளோடு பாய்ந்தனர். தொண்டர் பலர் எலும்பு முறியவும் குருதி சொரியவும் வீழ்ந்தனர். குமரனின் தலையில் விழுந்த அடி மண்டையைப் பிளந்தது. அவர் நிலத்தில் சாய்ந்தார், நினைவு நீங்கியது. ஆயினும் கொடியைப் பற்றிய விரல்கள் நெகிழவில்லை.

மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட குமரன் மறுநாள், 1932 ஜனவரி 11 இல், உயிர் நீத்தார். ஒன்பது ஆண்டு மணவாழ்வு அத்துடன் முடிந்தது. இராமாயி அம்மையார் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். பாடநூல்கள் பெரும்பாலும் குமரனோடு நின்றுவிடுகின்றன. அம்மையார் சுமந்த நெடிய தனிமை எந்த விழா மேடையிலும் நடித்துக் காட்டப்படுவதில்லை. தியாகம் என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, வீட்டில் எஞ்சியவரின் பங்கையும் சேர்த்துக் கற்பித்தலே நேர்மையாகும்.

குமரன் மறைந்து பதினைந்து நாள்களில், 1932 ஜனவரி 26 அன்று, சென்னைக் கோட்டையின் உயர்ந்த கம்பத்தில் மூவண்ணக் கொடி பறக்கக் கண்டு ஆட்சியாளர் திகைத்தனர். பின்னாளில் ஓவியராகவும் சிற்பியாகவும் விளங்கிய ஆரியா என்கிற பாஷ்யம் என்னும் இளைஞரின் செயல் அது. திருப்பூர்த் தெருவில் வீழாத கொடி சென்னைக் கோட்டையில் ஏறிற்று என்று புலவர் ஒருவர் பாடினால் அது மிகை ஆகாது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 1947 ஆகஸ்ட் 15 இல் அதே கோட்டையில் அரசின் கொடியாகவே மூவண்ணம் ஏறியது. அன்று பறந்த கொடி கோட்டை அருங்காட்சியகத்தில் பேணப்பட்டு 2013 இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. சென்னைக்குச் செல்லும் பள்ளிச் சுற்றுலாக்கள் கடற்கரையோடு நின்றுவிடாமல் அக்கோட்டைக்குள்ளும் செல்லுதல் நலம்.

பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை

குமரனின் நினைவுக்குத் தமிழகம் குறை வைக்கவில்லை. திருப்பூரில் நினைவகம் உண்டு; சிலை உண்டு. நூற்றாண்டை ஒட்டி 2004 இல் இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது. பள்ளி மாறுவேடப் போட்டிகளில் தலையில் சிவப்பு மையிட்ட கட்டுடன் ஒரு குமரனேனும் மேடை ஏறுகிறான். இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும் மாறுவேடம் கலைந்தபின் அப்பிள்ளையின் உள்ளத்தில் என்ன எஞ்சுகிறது என்பதே ஆசிரியரும் கவிஞரும் எண்ண வேண்டிய வினா.

அடிபட்ட கதையை மட்டும் கேட்ட பிள்ளை, நாட்டுப்பற்று என்பது அடிபடுதல் என்று எண்ணும். அல்லது அடித்தவன்மீது பகை கொள்ளும். குமரனின் வாழ்வு கற்பிப்பது வேறு. அவர் கையில் இருந்த கம்பு கொடியைத் தாங்கும் கம்பு. அதை ஓங்கித் திருப்பி அடித்திருக்கலாம்; அவ்வாறு அடித்திருந்தால் அது கொடிக்கம்பு ஆகாது, தடியாகிவிடும். அந்த ஒரு கணத்தின் தேர்வில்தான் அவருடைய வீரம் இருக்கிறது. உப்புக் காய்ச்சுவதையே அறப்போராக்கி 1930 இல் வேதாரணியத்தில் தொண்டர்கள் காட்டிய வழியும் இதுவே. கேளம்பாக்கத்து உப்பளங்களின் வெண்குவியல்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, ஒரு பிடி உப்பும் ஒரு முழத் துணியும் எப்படி ஒரு பேரரசை அசைத்தன என்பதைச் சொல்வது எளிது. கையருகே உள்ள பொருளில் தொடங்கும் பாடமே நிலைத்து நிற்கும்.

அடுத்து, கொடியின் ஒழுங்குகளைக் காரணத்தோடு கற்பித்தல் வேண்டும். காவி மேலிருக்க வேண்டும். கொடி தரையிலோ நீரிலோ படக்கூடாது. கிழிந்த கொடியைப் பறக்கவிடக்கூடாது. சக்கரத்திற்கு இருபத்து நான்கு ஆரங்கள். நீள அகலம் மூன்றுக்கு இரண்டு. இவற்றை வாய்ப்பாடு போல ஒப்பிக்கும் பிள்ளையே, விழா முடிந்த மாலையில் சட்டையில் குத்திய தாள்கொடியைப் பள்ளி வாசலில் போட்டுவிட்டுப் போகிறது. தாள்கொடிகளையும் தரையில் எறியலாகாது என்று கொடிவிதி கூறுகிறது. ஆனால் விதியைவிடக் குமரனின் விரல்கள் அதனை ஆழமாகக் கூறும். நினைவிழந்தும் ஒருவர் விடாத ஒன்றை நினைவோடு இருப்பவர் கீழே விடலாமா என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் குனிந்து எடுத்துக்கொள்ளும்.

ஒரு காலத்தில் தனிமனிதர் தம் வீட்டில் எல்லா நாளும் கொடியேற்ற உரிமை இல்லாதிருந்தது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த கொடிவிதி அத்தடையை நீக்கியது. கொடியைக் கையால் நூற்று நெய்த துணியிலேயே செய்ய வேண்டும் என்ற விதியும் 2021 டிசம்பரில் தளர்த்தப்பட்டு, விசைத்தறித் துணியும் பாலியஸ்டரும் ஏற்கப்பட்டன. கொடி இதனால் மலிவாகி வீடுதோறும் சென்றது உண்மை. கொடித்துணி நெய்து வாழ்ந்த கதர்த் தொழிலாளர் கவலை கொண்டதும் உண்மை. சென்னிமலை நெசவாளர் மகனின் கதையைச் சொல்லும் ஆசிரியர் இவ்விரண்டையும் சொல்லி, எது தக்கது என்று பிள்ளைகளையே எண்ணவிடலாம். எண்ணத் தெரிந்த பிள்ளையின் வணக்கமே கொடிக்குப் பெருமை சேர்க்கும்.

இன்னுமொன்று. குமரன் அரசுக்குப் பணிந்து கொடி பிடித்தவர் அல்லர். அரசு தடுத்த கொடியைப் பிடித்தவர். இன்று அக்கொடி அரசின் கொடியாகவும் மக்களின் கொடியாகவும் ஒருங்கே விளங்குகிறது. அதன் இரண்டாம் தன்மை மறக்கப்படுமாயின் கொடிவணக்கம் வெறும் பணிவாகிவிடும். வெண்மை உண்மைக்கு உரியது என்று கற்பிக்கப்படும் பிள்ளை, உண்மை பேசத் துணிய வேண்டும். தமிழ்நாட்டரசின் இலச்சினையில் கோபுரத்தின் அடியில் வாய்மையே வெல்லும் என்று தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. பாடநூலின் மீதும் பேருந்தின் மீதும் நாள்தோறும் காணும் அச்சொற்களை ஒருமுறையேனும் குமரனின் வாழ்வோடு இணைத்துக் காட்டினால், இலச்சினையும் கொடியும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள் என்பது விளங்கிவிடும்.

கவிஞர் கடன்

குமரனைப் பற்றிய பாடல்கள் தமிழில் பல. அவற்றுள் மிகுதியானவை அடியையும் குருதியையும் பாடுகின்றன. தறிக்குழியில் அமர்ந்த சிறுவனை, ஐந்தாம் வகுப்போடு மூடிவைத்த சுவடியை, மில்லில் பஞ்சை நிறுத்த கையை, சென்னிமலைக் குன்றைப் பிரிந்து வந்த நாளை, கதர் உடுத்த முதல் காலைப் பொழுதை, கணவனின் முகம் காணக் காத்திருந்த இராமாயியைப் பாடுவதற்கு இன்னும் இடம் இருக்கிறது. மாவீரனை வியந்து நிற்கும் பிள்ளை தான் அவனாக முடியாது என்று எண்ணி விலகிவிடும். தன்னைப்போல் பள்ளிக்கட்டணம் இன்றி நின்ற ஒருவன், தன் தந்தையைப்போல் கூலிக்குச் சென்ற ஒருவன் என்று அறியும் பிள்ளை நெருங்கி வரும்.

குமரனுக்குச் செல்வம் இல்லை, உயர்கல்வி இல்லை, பதவி இல்லை. மேடைப் பேச்சாலும் அவர் அறியப்படவில்லை. வரலாறு அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை அவர் கைவிடவில்லை. சுதந்திர நாளன்று மாலை கதிரவன் சாயும் வேளையில் திருப்போரூர்ப் பள்ளி ஒன்றில் கொடி இறக்கப்படும்போது, அதனை இரு கைகளாலும் தாங்கி, தரையில் படாது மடித்து வைக்கும் சிறுமியின் விரல்களில் அக்கை இன்னும் இருக்கிறது.